மடக்குக் கத்தியும் தங்க முலாமும்

(நம் சங்கத்தின் ஜம்ஷெட்பூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் காசி யாத்திரை பற்றிக் கேட்டோம். அதற்கு முன்னால் சர்க்கரை வியாதி. இந்த மாதம் சவரக் கத்தி என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏன் ஸார், வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்கள். கிடைத்திருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்தது இதுதான். 38 வருஷம் இந்த ஊர் இரும்பாலைச் சோதனைக்கூடத்தில் எஃகைப் பார்த்துக்கொண்டிருந்தவன். 2013-இல் ஓய்வு பெற்ற பிறகு பழைய மடக்குக் கத்திகளைச் சீர் செய்வது பொழுதுபோக்காக வந்து ஒட்டிக்கொண்டது. அதிலும் தங்க முலாம் பூசிய கத்திகள். அது ஏன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

அப்பா கரக்பூரில் ரயில்வே உத்தியோகம். அந்த நாளில் நம் வீடுகளில் ஆண்கள் கத்தியைக் கையால் தொடமாட்டார்கள். நாவிதர் வீட்டுத் திண்ணைக்கு வருவார், நாள் பார்த்துத்தான் க்ஷவரம், உடனே ஸ்நானம். ரயில்வேயில் அது நடக்குமா? தினமும் முகம் மழித்துக்கொண்டு டியூட்டிக்குப் போக வேண்டும். அப்பா தானே செய்துகொள்ள ஆரம்பித்ததில் பாட்டிக்கு மிகுந்த வருத்தம் என்று கேள்வி. 1947-இல் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேலதிகாரி தன் கத்திகளில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஷெஃபீல்டில் செய்தது. அலகின் பக்கத்தில் கொடியும் இலையுமாக ஒரு வேலைப்பாடு, நடுவில் ஒரு மணிமுடி, எல்லாம் தங்கத்தில். அப்பா அதை வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் உபயோகித்தார். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. தங்கம் அப்படியே இருந்தது.

1986-இல் அப்பா காலமானார். அந்தக் கத்தி என்னிடம் வந்தது. கொஞ்சம் கறுத்திருந்தது, அங்கங்கே துரு. முதல் வருஷ திவசத்துக்கு அக்கா வருவதற்குள் பளிச்சென்று செய்து வைக்க வேண்டும் என்று, பித்தளை தேய்க்கிற டப்பா பாலிஷை எடுத்து ஒரு பழைய பனியன் துணியில் தொட்டு, பத்தே நிமிஷம் தேய்த்தேன். கத்தி கண்ணாடி மாதிரி ஆயிற்று. துணியைப் பார்த்தால் கறுப்பு. கத்தியைப் பார்த்தால் மணிமுடி இல்லை, கொடி இல்லை, ஒன்றும் இல்லை.

அக்கா வந்து பார்த்தாள். "ஏண்டா, அதுல தங்கத்துல பூப்போட்டிருக்குமே, அது எங்கேடா?" என்றாள். பதில் சொல்லவில்லை. எஃகைப் பற்றித் தினமும் ரிப்போர்ட் எழுதுகிறவன் செய்த காரியம் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து நிமிஷத்தில் எப்படிப் போயிற்று? அந்தத் தங்கம் எவ்வளவு கனம் என்று தெரிந்தால் புரியும். அமெரிக்காவில் நகை வியாபாரத்துக்கு ஒரு விதி உண்டு, 0.175 மைக்ரானுக்குக் குறைவான மின்முலாமை 'கோல்ட் வாஷ்' அல்லது 'கோல்ட் ஃப்ளாஷ்' என்றுதான் சொல்ல வேண்டும். கத்திகளின் மேல் இருப்பதையும் சேகரிப்பவர்கள் 'கோல்ட் வாஷ்' என்றுதான் அழைக்கிறார்கள். நம் தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான். அந்த மயிரின் கனத்தில் 400 பங்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழின் தங்க முலாம் எத்தனை வருஷத்தில் தேய்கிறது என்பது மாமிகளுக்குத் தெரியும். கத்தியில் இருப்பது அதைவிடவும் மெல்லிசாக இருக்கலாம்.

அடுத்தது கடினம். விக்கர்ஸ் என்று ஓர் அளவு உண்டு. சுத்தத் தங்கம் அதில் 25-ஐ ஒட்டி. சவரக் கத்தி எஃகு 700-ஐ ஒட்டி. பாலிஷில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடு தூள் 2000 பக்கம். யாருக்கு ஜெயம் என்று கேட்க வேண்டாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாலிஷே போடாமல் வெறும் துணியால் துருவை மட்டும் துடைத்தாலும் தங்கம் போகும். ஏனென்றால் துரு என்பது இரும்பு ஆக்ஸைடு. தட்டான் தங்கத்துக்கு மெருகு போடுகிற சிவப்புத் தூள், 'ரூஜ்' என்பார்கள், அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான். துருப் பிடித்த கத்தியைத் துணியால் அழுத்தித் துடைக்கிறவர், தங்கத்தின் மேல் மெருகுப் பொடி போட்டுத் தேய்க்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் கத்திகள் எங்கே, எப்படி வந்தவை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகத்தில் மடக்குக் கத்திக்கு இரண்டு ஊர்கள் பிரசித்தம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் ஸோலிங்கன். ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், மூசையில் எஃகை உருக்கி ஒரே சீராக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வேட் அண்ட் புட்சர், ஜோசஃப் ராட்ஜர்ஸ் எல்லாம் அந்த ஊர்ப் பெயர்கள். ராட்ஜர்ஸ் கத்தியில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் முத்திரையாக இருக்கும். ஸோலிங்கன்காரர்கள் அலகின் இரு பக்கத்தையும் குடைந்து மெல்லிசாக்கும் சாணை வேலையில் பெயர் வாங்கினார்கள். 1938-இல் அந்த ஊர்ப் பெயரைக் காப்பாற்றவே ஜெர்மனியில் தனிச் சட்டம் வந்தது. கத்தியில் 'இங்க்லண்ட்' அல்லது 'ஜெர்மனி' என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அநேகமாக 1891-க்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அவர்கள் 1890-இல் போட்ட சுங்கச் சட்டத்தின் விளைவு அது.

நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகை 'வூட்ஸ்' என்ற பெயரில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். கன்னடத்தில் உக்கு, நம் தமிழில் உருக்கு. 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் லண்டன் ராயல் சொஸைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து, அதைப் போலச் செய்யப் பார்த்தார். மின்சாரத்துக்குப் பெயர் போன அதே ஃபாரடேதான். சில பழைய ஷெஃபீல்டுக் கத்திகளில் 'இண்டியா ஸ்டீல்' என்றே குத்தியிருக்கும். அதைப் பார்த்து ரொம்ப மார் தட்டிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் வியாபாரப் பெயர்.

தங்கம் ஏற்றிய விதம் ஒன்றல்ல. எஃகின் மேல் மெழுகோ வார்னிஷோ பூசி, சித்திரம் வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு அமிலத்தால் அரிக்கச் செய்வார்கள். அந்தப் பள்ளத்தில் தங்கம் ஏறும். 1840-இல் பர்மிங்காமில் எல்கிங்டன் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மின்சார முறை பரவிற்று. அதற்கு முன்னால் தங்க உப்பை ஈதரில் கரைத்துப் பளபளப்பான எஃகின் மேல் தடவும் முறை இருந்தது. ஈதர் பறந்துவிடும், தங்கம் தங்கிவிடும். பாதரசத்தோடு கலந்து சூடு காட்டும் முறையும் உண்டு, ஆனால் பாதரசம் இரும்போடு ஒட்டாது, நடுவில் செம்பு வேண்டும். இது தவிர, தங்க நிறத்தில் வெறும் அரக்குச் சாயம் பூசிய மலிவுச் சரக்கும் நிறைய. வாரத்தின் ஏழு நாள் பெயரையும் முதுகில் பொறித்து ஏழு கத்திகளாக ஒரே பெட்டியில் விற்றதும் உண்டு.

இப்போது ஒரு கேள்வி வரும். தங்கம் துருப்பிடிக்காதே, பிறகென்ன பயம்? தங்கம் துருப்பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் அவ்வளவு மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஈரம் அந்தத் துளை வழியாக எஃகைத் தொடும். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் ஒரு குட்டி பாட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் பலியாவது எப்போதும் எஃகுதான். சும்மா கிடக்கும் எஃகைவிடத் தங்கத்தோடு சேர்ந்த எஃகு அந்தத் துளையில் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது அடியிலிருந்து வீங்கித் தங்கத்தைப் பொருக்காகத் தூக்கிவிடும். அதனால்தான் துருவை எடுக்கக் கத்தியை வினிகரில் ஊறப்போடாதீர்கள் என்கிறேன். எலுமிச்சம்பழமும் புளியும் அதே ஜாதிதான். அமிலம் தங்கத்தை ஒன்றும் செய்யாது, அதன் காலை வாரிவிடும்.

மூன்று வருஷம் முன்னால், கதம்மாவிலிருந்து நம் சங்கத்து மாமி ஒருத்தர் ஒரு கத்தியை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "நீங்க இதெல்லாம் சரி பண்ணுவேளாமே? எங்க மாமனாரோடது. கல்கத்தாவுல வாங்கினாராம். பேரனுக்குக் கல்யாணம் வரது, அவன் கையில குடுக்கணும்னு பாக்கறேன். பளபளன்னு பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றார்.

ஸோலிங்கன் கத்தி. தந்தம் மாதிரிப் பிடி. அலகில் ஒரு நீராவிக் கப்பல், கீழே அலை, மேலே புகை, எல்லாம் தங்கத்தில். கத்தியின் கழுத்திலும் தங்கம் பூசியிருந்தது. அலகின் கீழ்ப் பாதியில் கருந்துரு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. 1986-இன் பனியன் துணி ஞாபகம்.

முதல் வாரம் ஒன்றுமே செய்யவில்லை. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தேன், போட்டோ எடுத்தேன், எங்கே தங்கம் ஒட்டியிருக்கிறது, எங்கே துருவின் மேல் மிதக்கிறது என்று படம் போட்டு வைத்துக்கொண்டேன். பிடியை விரலால் கொஞ்சம் சூடு வரத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை. அப்படியானால் தந்தமல்ல, செல்லுலாய்டு. கற்பூரம் கலந்துதான் செல்லுலாய்டு செய்வார்கள். இந்த வாசனை தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் செல்லுலாய்டு பழசாகிச் சிதையும்போது நைட்ரிக் அமில ஆவியை விடும். மடக்கிய கத்தி அந்த ஆவிக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடக்கும். அலகின் கீழ்ப் பாதி மட்டும் கறுத்திருந்த காரணம் அதுதான். அது சுலபமாகத் தீப்பற்றுகிற வஸ்து என்பதும் ஞாபகம் இருக்கட்டும், பூஜை அறையில் விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பிடியை இணைக்கும் பித்தளை ஆணியைக் கையால் துளைத்து எடுத்துப் பிடியைப் பிரித்தேன். அலகைத் தையல் மெஷின் எண்ணெயில் மூன்று நாள் வைத்தேன். தேங்காய் எண்ணெய் ஏன் கூடாது என்று கேட்பார்கள். தாவர எண்ணெய் நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும், புளிக்கும், அதிலும் அமிலம் உண்டு. மூன்று நாளில் துரு கொஞ்சம் இளகியது. இங்கிருந்துதான் பொறுமை வேண்டும். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, பூதக்கண்ணாடியின் கீழ், ஒவ்வொரு துருப் புள்ளியையும் தனித்தனியாகக் கிள்ளி எடுத்தேன். அழுக்கைத் தங்கத்தின் மேலிருந்து எடுக்கப் பஞ்சுக் குச்சி. ஆனால் தேய்க்கக் கூடாது, சப்பாத்திக் குழவி மாதிரி உருட்ட வேண்டும். ஒரு தடவை உருட்டினால் அந்தப் பஞ்சு எடுத்த துருத்தூளோடு குப்பைக்கு. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செய்யமாட்டேன், கை களைத்தால் அழுத்திவிடும். ஐந்து வாரம் ஆயிற்று. என் சம்சாரம், "பேசாம புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்கோளேன்" என்றாள்.

கப்பல் புகையில் இரண்டு மில்லிமீட்டர் போய்விட்டது. அடியில் முழுவதும் துரு, தங்கம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது, துருவோடு வந்துவிட்டது. அதை மறைக்கவில்லை, மாமியிடம் சொன்னேன்.

தங்கமில்லாத இடத்துக்கு மெருகு போடுவதற்கு முன்னால், சித்திரத்தின் மேல் நிறமில்லாத நகப் பூச்சை மெல்லிய தூரிகையால் ஒரு கோட் பூசினேன். காய்ந்த பிறகு மற்ற இடத்தில் 2000 நம்பர் தண்ணிக் காகிதத்தை எண்ணெயில் நனைத்துக் கையாலேயே தேய்த்தேன். மெஷின் சக்கரம் பக்கமே போகவில்லை. சக்கரத்தில் தங்கம் ஒரு விநாடியில் போகும். அதுவும் தவிர, மெல்லிய விளிம்பு 200 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டால் எஃகின் பதமே கெட்டுவிடும். முடிந்ததும் நகப் பூச்சை அஸிடோனில் நனைத்த பஞ்சை மேலே வைத்துக் கரைத்து எடுத்தேன். அஸிடோன் தங்கத்தை ஒன்றும் செய்யாது. செல்லுலாய்டைக் கரைத்துவிடும், பிடியைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது. அரக்குச் சாயம் பூசிய மலிவுச் சரக்கில் 'தங்கமே' பஞ்சோடு வந்துவிடும். ஆகவே முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

தீட்டுவதிலும் ஒரு சிக்கல். மடக்குக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத்தான் தீட்டுவார்கள். விளிம்பும் முதுகும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடும். முதுகில் தங்கம் இருந்தால் முதல் இழுப்பிலேயே போயிற்று. அதற்கு முதுகின் மேல் எலெக்ட்ரீஷியன் சுற்றும் டேப்பை ஒரு சுற்று ஒட்டுவது வழக்கம். 18 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் விளிம்புக் கோணம் 16 டிகிரி. டேப் ஒட்டினால் 17. சவரத்துக்கு அது ஒன்றும் பாதகமில்லை. ஆனால் டேப்பைத் தங்கத்தின் மேல் நேராக ஒட்டிப் பிய்த்தால் தங்கமும் கூட வரும். அடியில் அந்த நகப் பூச்சு இருக்க வேண்டும். தோல் பட்டையைப் பற்றிக் கவலையில்லை. அலகு குடைந்திருப்பதால் பக்கத்துச் சித்திரம் தோலைத் தொடாது. அப்பாவின் கத்தியில் தங்கம் அவ்வளவு வருஷம் நின்றதன் ரகசியமும் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அவர் கத்தியைத் துடைக்கமாட்டார், துணியில் ஒற்றுவார்.

வேலை முடிந்தது. கப்பல் தெரிந்தது, ஆனால் பளபளவென்று இல்லை. மாமியின் பிள்ளைக்குத் திருப்தி இல்லை. "நம்ம நகைக் கடையில புதுசா முலாம் போட்டுத் தரேங்கறா, ஆயிரம் ரெண்டாயிரம்தான் ஆகும். போட்டுடலாமே ஸார்" என்றார். நான் கூடாது என்றேன். முலாம் போடுவதற்கு முன் எஃகை அமிலத்தில் கழுவுவார்கள், மிச்சமிருக்கும் பழைய தங்கம் அடியோடு கிளம்பும். இவ்வளவு கடினமான எஃகு அமிலத்திலும் மின்முலாமிலும் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டால் பிறகு ஒரு நாள் காரணமில்லாமல் விரிசல் விடவும் கூடும். முலாம் கரைசல் பெரும்பாலும் சயனைடு சம்பந்தப்பட்டது, வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். இதெல்லாம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. பொருள் அவர்களுடையது, நான் பிடிவாதம் பிடிக்க என்ன பாத்தியதை?

மாமி அதுவரை பேசவில்லை. கத்தியைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போனார். கழுத்தில் பூசியிருந்த தங்கத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும், ஒரு பயறு அளவுக்குத் தேய்ந்து எஃகு தெரிந்தது. நான் அதை அப்படியே விட்டிருந்தேன். அதில் தன் விரலை வைத்துப் பார்த்தார். "மாமனார் இப்படித்தான் பிடிச்சுப்பார். புதுசா போட்டா இது போயிடுமோ?" என்று கேட்டார். போய்விடும் என்றேன். "அப்ப வேண்டாம்டா" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

பழைய பிடியை அவர்களிடமே தனி டப்பாவில் கொடுத்து, கொம்பினால் புதுப் பிடி போட்டுக் கொடுத்தேன். அலகில் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு ஒரு பூச்சு. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியம்காரர்கள் தங்கள் பொருட்களுக்கென்று உருவாக்கிய வகை, இப்போது இங்கேயும் தருவித்துக்கொள்ளலாம். வெறும் விரலால் தொடாமல், வருஷத்துக்கு ஒரு தடவை பூசினால் போதும். தோல் உறையில் வைக்கக் கூடாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னை, மும்பை, கல்கத்தாவில் இருப்பவர்கள் மருந்து பாட்டிலில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தைக் கூடப் போட்டு வையுங்கள்.

அப்பாவின் கத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இந்த மாமியின் கத்தியைச் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கே தோன்றியது, தங்கம் போனாலும் அமிலம் அரித்த பள்ளம் முழுக்கப் போயிருக்காதே என்று. எடுத்து ஜன்னலில் சாய்வான வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் மட்டும் கொடி வந்தது, இலை வந்தது, மணிமுடியில் பாதி வந்தது. அக்காவுக்கு இப்போது 79 வயது. போன தீபாவளிக்கு வந்தபோது காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருக்குடா" என்றாள்.

இரண்டு கத்தியையும் இன்று கொண்டுவந்திருக்கிறேன், மாமியின் அனுமதியோடு. மேஜை மேல் விளக்கடியில் இருக்கின்றன. காப்பி குடித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து பாருங்கள். விரல் மட்டும் வைக்காதீர்கள்.